ஹோர்ட்டன் சமவெளியின் அருவிப் பாதை

இலங்கையின் மத்திய மலைநாட்டில், கடல் மட்டத்திற்கு மேல் 2,100 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் பரந்து கிடக்கும் ஹோர்ட்டன் சமவெளியில், பெப்ரவரி மாதத்து வறண்ட வாரங்களில் நடந்து செல்லும் பிரயாணி சற்று நின்று யோசிப்பாரானால், அவருக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. மழை பெய்து பல நாட்கள் ஆகியிருக்கும். காலை வேளைகளில் ஆகாயம் நிர்மலமாக இருக்கும். இமயத்தைப்போல் உருகி வடிவதற்குப் பனிமலை ஏதும் இங்கே கிடையாது. சுற்றிலும் இரண்டொரு சிகரங்களைத் தவிர, இந்தப் பீடபூமிக்குத் தண்ணீர் அனுப்பத்தக்க உயர்ந்த நிலமும் அயலில் இல்லை. அப்படியிருந்தும், பெலிகுல் ஓயாவின் மேல்நீரோட்டத்தில் உள்ள பேக்கர் அருவி, ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்திலிருந்து, கறுத்த பாறைப் படிகளின் மேல் விசிறிபோல் விரிந்து, இரவும் பகலும் இடையறாது விழுந்துகொண்டேயிருக்கிறது. இந்த ஜலம் எங்கிருந்து வருகிறது?

இதற்கான விடை அருவியின் அடியில் நின்றுகொண்டு மேலே பார்ப்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. அருவிக்குப் போய்த் திரும்பும் பாதையிலேதான், அதன் இரு மருங்கிலும் நிற்கும் குட்டை மரங்களிலும், புற்களின் அடியில் உள்ள கரிய மண்ணிலும், அந்த விடை பரவிக் கிடக்கிறது. பழைய வேட்டைக்காரர் விடுதியாகிய ஃபார் இன் அருகிலிருந்து புறப்பட்டு, சின்ன உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு பெரும் செங்குத்துகளின் விளிம்பைத் தொட்டு, பேக்கர் அருவியில் இறங்கி ஏறி, புல்வெளி வழியாகப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரும் வட்டப் பாதை அது; ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். நிதானமாக நடப்பவர்களுக்கு மூன்று நான்கு மணி நேரம் பிடிக்கும். பெரும்பாலோர் செங்குத்தையும் அருவியையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இடையில் உள்ள வழியைக் கடந்துவிடுகிறார்கள். அவ்வாறு கடந்து போகப்படும் நிலமே அருவியின் தாய் என்பதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சிங்கள மக்கள் மகா எலிய என்று வழங்கிவந்த இந்த மேட்டுநிலத்திற்கு 1834-ஆம் ஆண்டில் வில்லியம் ஃபிஷர், ஆல்பர்ட் வாட்சன் என்ற இரண்டு ஆங்கிலேயப் படை அதிகாரிகள் வந்தார்கள். அக்காலத்தில் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சர் ராபர்ட் வில்மட் ஹோர்ட்டனின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. அருவிக்குப் பெயர் கொடுத்த சாமுவேல் பேக்கர் சில ஆண்டுகள் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை நடத்தி, வேட்டையாடித் திரிந்து, பின்னர் ஆப்பிரிக்காவுக்குச் சென்று நைல் நதியின் மேற்பகுதியில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு பிரசித்தி பெற்றவர். அவர் காலத்து வேட்டைக்காரர்களின் துப்பாக்கிகளுக்குப் பிறகு இந்தச் சமவெளியில் யானைகள் இல்லாமற் போயின. 1969-இல் இது இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988-இல் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பளவு 3,160 ஹெக்டேர். 2010-இல் சிவனொளிபாத மலைக் காடுகளோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. சரித்திரத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம். மனிதர் வந்து போன காலம் இந்த நிலத்தின் ஆயுளில் ஒரு கணமே ஆகும்.

ஏனெனில் இங்கே காலடியில் உள்ள பாறைகள் மிகப் பழமையானவை. சார்னோக்கைட், காண்டலைட், குவார்ட்சைட் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பெயரிட்டிருக்கும் இந்தப் பாறைகள், ஏறத்தாழ 55 கோடி முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், தென்னிந்தியா, மடகாஸ்கர், இலங்கை, கிழக்கு அண்டார்க்டிகா ஆகியவை ஒன்றோடொன்று நெருங்கிக் கோண்டுவானா என்ற மகாகண்டமாக இணைந்தபோது, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உள்ளாகி உருமாறியவை. தமிழகத்தின் நீலகிரியும் இதே சார்னோக்கைட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆழத்தில் வெந்த அந்தப் பாறைகள் இன்று இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெயில் காய்கின்றன என்றால், அவற்றுக்கு மேலிருந்த பல கிலோமீட்டர் கனமுள்ள பாறை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையிலும் காற்றிலும் கரைந்து கடலுக்குப் போய்விட்டது என்பதே பொருள்.

இலங்கையைக் கடற்கரையிலிருந்து உள்நோக்கிப் பார்த்தால், அது மூன்று பெரும் படிகளாக உயர்வதைக் காணலாம். 1929-இல் கனடா தேசத்துப் பூகர்ப்ப அறிஞர் ஃபிராங்க் டாசன் ஆடம்ஸ் இந்த மூன்று படிகளும் அரிப்பினால் சமமாக்கப்பட்ட மூன்று தளங்கள் என்று விவரித்தார். பின்னர் இலங்கை அரசாங்கத்தின் கனிமவியல் அறிஞராகப் பணியாற்றிய டி. என். வாடியா, பிளவுகளின் வழியே நிலம் தொகுதி தொகுதியாக மேலே தள்ளப்பட்டதாலேயே இப்படிகள் உண்டாயின என்று வாதித்தார். விவாதம் நீண்டது, அதன் கிளைகள் எல்லாவற்றையும் இங்கே விரிக்க வேண்டுவதில்லை. நடப்பவர் அறிய வேண்டியது, தாம் நிற்பது மூன்றாவது படியின் உச்சி என்பதும், உலக முடிவு என்ற இடத்தில் அந்தப் படி ஏறத்தாழ 870 மீட்டர் ஒரேயடியாக இறங்குகிறது என்பதுமே. இலங்கையின் மிக உயரமான அருவியாகிய 263 மீட்டர் உயரமுள்ள பம்பரகந்த அருவியும் இதே தென்முகச் சரிவிலேதான், சற்றுத் தள்ளி, வீழ்கிறது.

இந்தப் பீடபூமி எவ்வளவு மெதுவாகத் தேய்கிறது என்பதை அளந்த முறை அற்புதமானது. விண்வெளியிலிருந்து ஓயாமல் பொழியும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தைக் கடந்து தரையை எட்டும்போது, நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியுள்ள குவார்ட்ஸ் மணலில் இருக்கும் ஆக்ஸிஜன் அணுக்களைத் தாக்கி, பெரிலியம்-10 என்ற அபூர்வமான ஐசோடோப்பைச் சிறிது சிறிதாக உண்டாக்குகின்றன. ஓர் இரண்டு மீட்டர் ஆழத்திற்குக் கீழே இது ஏறக்குறைய நிகழ்வதில்லை. ஆகவே, மேற்பரப்புக்கு அருகில் நெடுங்காலம் தங்கிய மணலில் பெரிலியம்-10 அதிகமாகவும், விரைவாக அரிக்கப்பட்டு வந்த மணலில் குறைவாகவும் இருக்கும். ஓடையின் படுகையிலிருந்து ஒரு பிடி மணலை எடுத்துச் சோதித்தால், அதற்கு மேலேயுள்ள நீரேந்து நிலம் முழுவதும் எந்த வேகத்தில் தேய்கிறது என்று சொல்லிவிடலாம். இலங்கை அறிஞர் திலக் ஹேவாவசமும் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்ஹெல்ம் ஃபொன் பிளாங்கன்பர்க்கும் அவர்களுடைய சகாக்களும் 2003-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, மழை கொட்டும் வெப்ப மண்டல மலை என்பதால் அரிப்பு கடுமையாக இருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக, காடு மூடிய இந்த மேட்டுநிலங்கள் வியக்கத்தக்க மந்த கதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருசில மில்லிமீட்டர் என்ற அளவிலேயே தேய்கின்றன. விளிம்பிலுள்ள செங்குத்துச் சரிவுகளில் அந்த வேகம் பல மடங்கு கூடுகிறது. காடு அழிந்து பயிர்நிலமான மலைச்சரிவுகளிலோ மண் இழப்பு பல பத்து மடங்கு ஏறிவிடுகிறது. பாதையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு நமக்கு மீண்டும் தேவைப்படும்.

உலக முடிவுக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் விடியற்காலையிலேயே புறப்படச் சொல்வார்கள். காலை ஒன்பது பத்து மணிக்குப் பிறகு அங்கே வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பது அவர்கள் அனுபவம். சாஸ்திரமும் அதையே சொல்லுகிறது. சூரியன் ஏறியதும் தென்புறத்துத் தாழ்ந்த சரிவுகள் சூடேற, அவற்றை ஒட்டிய காற்று இலேசாகி மலைமுகத்தைத் தழுவி மேலெழுகிறது. மேலெழும் காற்று அழுத்தம் குறைவதால் விரிகிறது; விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 பாகை வெப்பம் குறையும் என்ற விதியின்படி, 870 மீட்டர் ஏறிவரும் காற்று எட்டு பாகைக்கு மேல் குளிர்ந்து, தான் சுமந்துவந்த நீராவியைத் தாங்க மாட்டாமல் நுண்துளிகளாக உதிர்த்துவிடுகிறது. அதுதான் பள்ளத்திலிருந்து புகைபோல் எழுந்து விளிம்பைத் தாண்டி உள்ளே நுழையும் மஞ்சு. காட்சி மறைந்துவிட்டதே என்று பிரயாணிகள் வருந்தித் திரும்பும் அந்த வேளையிலேதான் காட்டுக்கு வேலை தொடங்குகிறது.

மஞ்சின் ஒரு துளி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே உடையது. ஒரு சாதாரண மழைத்துளி உண்டாவதற்கு அப்படிப்பட்ட துளிகள் பத்து லட்சம் ஒன்று சேர வேண்டும். அவ்வளவு இலேசான துளி தானாகத் தரையில் விழுவதில்லை; காற்றோடு மிதந்து சென்றுவிடும். வெட்டவெளியில் வைத்த மழைமானியில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமலே கடந்து போய்விடும். ஆனால் வழியில் ஓர் இலையோ, பாசி தொங்கும் கிளையோ இருந்தால், காற்று வளைந்து ஒதுங்கிச் செல்ல, துளி அப்படி வளைய இயலாமல் அதில் மோதி ஒட்டிக்கொள்ளுகிறது. ஒட்டிய துளிகள் கூடிப் பெருத்து, இலை நுனியில் திரண்டு, சொட்டத் தொடங்குகின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தின் கீழ் மழை பெய்யும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

உலக முடிவிலிருந்து அருவியை நோக்கிச் செல்லும் காட்டுவழியில், மஞ்சு சூழ்ந்த பொழுதில், கைக்கெட்டும் உயரத்தில் உள்ள ஒரு கிளையை அருகிருந்து பார்த்தால் இது பிரத்தியட்சமாகத் தெரியும். கிளையின் பட்டையே கண்ணுக்குத் தெரியாது. முதலில் ஈரல்பாசிகள் அடர்ந்த பச்சை உறையாக அதை மூடியிருக்கும். அதன் மேல் பாசியின் நுண்ணிய இலைகள் விரல் நீளத்திற்குத் தொங்கும். அவற்றின் இடையில் ஒற்றைச் செல் கனமே உள்ள, ஒளி ஊடுருவும் மென்படலப் பெரணிகள் சில. எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பல் நிறத்தில் தாடி போன்ற லைக்கன் இழைகள். ஒவ்வோர் இழையிலும் கண்ணாடி மணிகள் கோத்ததுபோல் நீர். விரலால் மெல்லத் தொட்டால் உள்ளங்கை நனையும். அழுத்திப் பிழிந்தால் ஒரு சிறு கிண்ணம் நிறையலாம். பிழிந்து பார்க்க வேண்டாம். அந்தப் பாசி மறுபடி அவ்வளவு வளர்வதற்கு எத்தனையோ பருவங்கள் ஆகும்.

இக்காட்டின் மரங்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்து மீட்டர் உயரமே வளர்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்றின் கொடிய வேகம், ஈரம் தோய்ந்து காற்றோட்டம் குறைந்த புளித்த மண், மஞ்சினால் மங்கிய வெயில், குளிர் ஆகியவை அவற்றைக் குறுக்கி, முறுக்கி, குடைபோன்ற தட்டையான தலையோடு நிறுத்தியிருக்கின்றன. இலைகள் சிறுத்துத் தடித்துத் தோல்போல் இருக்கும். இந்த விருட்சங்களின் இனத்தார் நம்முடைய தாழ்நிலத்திலும் நமக்குப் பரிச்சயமானவர்கள் என்பது மனத்துக்கு இன்பம் தருவது. மேல்மட்டத்தில் ஆட்சி செலுத்தும் கீன மரம் நம் கடற்கரைப் புன்னையின் மலைநாட்டு உறவு. அதற்குத் துணை நிற்பவை நாவல் குடும்பத்தையும் கருவா குடும்பத்தையும் சேர்ந்தவை. கீழே அடர்ந்து வளரும் நெலு என்ற செடி குறிஞ்சி இனம். அது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருங்கே பூத்து, விதை உதிர்த்து, ஒருங்கே மடியும். 2013-இல் அவ்வாறு பூத்தபோது சமவெளியே நிறம் மாறி நின்றது. இந்த மரங்களுக்கிடையில் இரவு நேரங்களில் நடமாடும் மலைநாட்டுத் தேவாங்கு, அழிந்துபோயிற்று என்று பல காலம் கருதப்பட்டு, தேடித் தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, 2010-இல்தான் அதன் நிழற்படம் முதன்முதலாக உலகுக்குக் கிடைத்தது.

காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளி. மலைநாட்டார் பத்தனை என்று சொல்லும் இந்தத் திறந்த நிலங்களில் குத்துக்குத்தாக முரட்டுப் புற்கள், நீரோடைகளின் ஓரத்தில் இடுப்பளவே வளரும் குள்ள மூங்கில், ஆங்காங்கே தனித்து நிற்கும் செம்பூ ரோடோடென்ட்ரான் மரம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் சோலைக்காட்டையும் புல்மேட்டையும் பார்த்தவர்கள் இந்த இடத்திற்கு வந்தால் திகைத்து நிற்பார்கள், அவ்வளவு ஒற்றுமை. கடல்நீர் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகக் காலங்களில் இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அந்தக் குளிர்ந்த காலங்களில் மலைத் தாவரங்கள் தாழ்ந்த உயரங்களுக்கும் இறங்கி வந்திருக்கலாம். பின்னர் வெப்பம் கூடியபோது அவை உச்சிகளுக்கு ஏறித் தனித்தனித் தீவுகளில் ஒதுங்கிவிட்டன.

புல்வெளி ஏன் காடாகவில்லை என்பது நெடுநாளாகக் கேட்கப்படும் கேள்வி. மார்கழி தை மாதங்களில் தெளிந்த இரவுகளில் குளிர்ந்த கனத்த காற்று தாழ்ந்த இடங்களில் வழிந்து தேங்குவதால் அங்கே உறைபனி விழும். மர நாற்றுகள் அதில் கருகிவிடும். அடியில் வளர்முனையைப் பாதுகாத்து வைத்திருக்கும் புல் பிழைத்துக்கொள்ளும். மனிதர் வைத்த நெருப்பும் மேயும் மிருகங்களும் புல்லுக்கு உதவியிருக்கின்றன. இதற்குச் சான்றுகளைத் தேடி, சதுப்புகளில் படிந்துள்ள முற்றா நிலக்கரியை அடுக்கடுக்காகத் தோண்டி, அதில் புதைந்துள்ள மகரந்தங்களை ரத்னசிறி பிரேமதிலக ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார். ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் கதை அதில் எழுதப்பட்டிருந்தது. பனியுகத்தின் உச்சத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மெலிந்து இந்த உயரமே வறண்டு கிடந்ததையும், பிறகு பருவமழை வலுத்துக் காடு விரிந்ததையும், மீண்டும் மீண்டும் ஈரமும் வறட்சியும் மாறி வந்ததையும் அந்த மகரந்தங்கள் காட்டின. தமிழகத்தில் கடமான் என்றும் இங்கே மரை என்றும் வழங்கும் பெரிய மான்கள் மாலையில் கூட்டமாக வந்து மேயும் இந்தப் புல்வெளியின் ஒரு பகுதியில் 1960-களில் விதை உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அது நிறுத்தப்பட்ட பின்னும், அன்று உழுத நிலங்களில் அந்நியப் புற்கள் குடிகொண்டுவிட்டன.

புல்லின் கீழும் காட்டின் கீழும் உள்ள கரிய மேல்மண்ணே இந்தக் கதையின் நடுநாயகம். குளிரினால் இலைச்சருகு மெதுவாகவே மக்குவதால் மக்கு சேர்ந்து தடித்த அந்த மண், பஞ்சுபோல் துளைகள் நிறைந்து, இலைகள் கறந்து கொடுத்த மஞ்சு நீரையும் பருவமழையையும் உறிஞ்சி, உள்ளே இறக்கி, வாரக்கணக்கில் கசிய விடுகிறது. பெப்ரவரியில் விழும் அருவிநீரில் பெரும்பகுதி நேற்றுப் பெய்ததன்று. வடகீழ்ப் பருவத்தில் பெய்து மண்ணுக்குள் பதுங்கியிருந்ததும், மஞ்சிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததும் கலந்து வருவது.

அருவியை அணுகும்போது அதைக் காண்பதற்கு முன்னால் கேட்கிறோம். தூரத்தில் கனத்த முழக்கமாகவும், கிட்டப் போகப் போகச் சலசலப்பும் சீறலும் சேர்ந்த பேரொலியாகவும் அது மாறுகிறது. அடர்ந்த இலைகள் உயர்ந்த சுருதிகளை விரைவில் விழுங்கிவிடுவதால் எட்டத்தில் தாழ்ந்த சுருதியே மிஞ்சுகிறது. ஒலி பிறப்பதும் நாம் நினைப்பதுபோல் நீர் பாறையில் மோதுவதால் மட்டும் அன்று. விழும் நீர் காற்றை உள்ளிழுத்துக் கோடிக்கணக்கான குமிழிகளாக்குகிறது. ஒவ்வொரு குமிழியும் பிறந்த கணத்தில் சுருங்கி விரிந்து அதிர்ந்து ஒலிக்கிறது. 1933-இல் நெதர்லாந்தில் பணியாற்றிய மார்செல் மின்னார்ட் இதற்குக் கணித விதி கண்டார்: ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி வினாடிக்கு ஏறத்தாழ 3,000 முறை அதிரும், பெரிய குமிழி தாழ்ந்த சுருதியிலும் சிறியது உயர்ந்த சுருதியிலும் பாடும். பேக்கர் அருவியின் முன் நிற்கும்போது நம் செவியில் விழுவது அந்தப் பல்லாயிரம் அளவுள்ள குமிழிகளின் கூட்டிசையே.

படிக்கட்டுகளில் வழுக்காமல் இறங்கிப் பார்த்தால் அருவியின் பாறை தேய்ந்திருக்கும் விதமும் விளங்கும். வெறும் நீர் கடினப் பாறையை அறுப்பதில்லை. நீர் சுமந்துவரும் கூழாங்கல்லும் மணலுமே அதற்கு உளி. புல்லும் பாசியும் மூடிய இந்தச் சமவெளியின் ஓடைகள் தெளிந்தவை. உளி மிகக் குறைவாகவே அவற்றில் வருகிறது. அதனாலேயே இந்தப் பாறைப்படி இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. ஓடையின் குளிர்நீரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையர் தூண்டிலிடுவதற்காக விட்ட வானவில் டிரவுட் மீன் இன்றும் வாழ்கிறது. அதற்கு முன் இங்கே பெரிய மீன் இருந்ததில்லை என்பதால், இந்த உயரத்திற்கே உரிய சிற்றிறால்களும் நன்னீர் நண்டுகளும் இன்று பழகாத பகைவனோடு வாழ வேண்டியிருக்கிறது.

இந்தப் பீடபூமியிலும் அதன் ஓரங்களிலும் விழும் நீர் மூன்று திசைகளில் பிரிகிறது. ஒரு பகுதி மகாவலி கங்கையில் சேர்ந்து, 335 கிலோமீட்டர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. ஒரு பகுதி களனி கங்கையாகிக் கொழும்பின் குடிநீர் ஆகிறது. பேக்கர் அருவியின் நீர் வளவை கங்கையோடு தெற்கே உடவளவை நீர்த்தேக்கத்திற்கும் அதன் வயல்களுக்கும் போகிறது. கொட்டியாரத்துத் தமிழ் விவசாயியும், கொழும்பில் குழாயைத் திறப்பவரும், தென்கரைச் சிங்கள உழவரும் ஒரே மஞ்சில் பங்குதாரர்கள். 1873-இல் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ஜோசப் டால்டன் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடக்கூடாது என்று இலங்கை அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறினார். காப்பித் தோட்டங்கள் சரிவெல்லாம் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அந்த வார்த்தை ஏற்கப்பட்டது என்பது நம் பாக்கியம். இல்லையெனில் இன்று நாம் பேசுவதற்கு இந்தக் காடு இருந்திராது.

ஆயினும் காடு இப்போது சுகமாக இல்லை. 1970-களிலிருந்து இங்கே மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து, நின்றபடியே மடிந்து வருகின்றன. கீனவும் நாவல் இனமும் அதிகமாகப் பாதிக்கப்பட்டிருக்கின்றன. உலக முடிவை நோக்கிச் செல்லும் வழியில் வெளுத்த எலும்புக்கூடுகளாக நிற்கும் மரங்களை எவரும் காணலாம். வறட்சியின் போது வேர் நீரின்றித் தவிப்பது, தாழ்நிலத்திலிருந்து காற்றில் வரும் மாசு மஞ்சுத் துளியில் கரைந்து இலையில் படிவது, மண்ணில் சத்துக் குறைவு, மரைகள் பட்டையை உரித்துத் தின்பது என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கிறார்கள். ஒன்றே காரணம் என்று எவரும் நிலைநாட்டவில்லை. ஆனால் இலையால் மஞ்சைக் கறக்கும் காட்டில் தலை காய்ந்த மரம் என்ன இழப்பைக் கொடுக்கும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. இலையில்லாத கிளையில் மோதும் துளி மிகக் கொஞ்சம். மஞ்சு அப்படியே கடந்துபோய்விடும்.

இனிப் பாதைக்கு வருவோம். ஈரமான நாளில் இந்த வழியில் நடப்பவர்கள் சேறு கண்ட இடத்தில் இயல்பாகவே ஓரத்துப் புல்லில் கால் வைக்கிறார்கள். அடுத்து வருபவர் இன்னும் சற்று ஓரமாக வைக்கிறார். இவ்வாறு ஓரடிப் பாதை மூன்று பாதைகளாகி, மூன்றும் சேர்ந்து அகன்ற சேற்றுப் பரப்பாகிறது. மிதிபட்ட மண்ணில் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ள, உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலேயே ஓடி மண்ணை அறுக்கிறது, பாதை வாய்க்காலாகிறது. அமெரிக்க வனச்சேவை ஆராய்ச்சியாளர் டேவிட் கோல், பல வகைத் தாவரக் கூட்டங்களின் மேல் வெவ்வேறு எண்ணிக்கையில், 500 முறை வரை, ஆட்களை நடக்கவிட்டுப் பார்த்து 1995-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. சேதத்தின் பெரும்பகுதி முதலில் விழும் காலடிகளிலேயே நேர்ந்துவிடுகிறது. பிறகு எத்தனை பேர் நடந்தாலும் கூடுவது கொஞ்சமே. ஆகையால் ஏற்கனவே மிதிபட்ட இடத்தில் ஆயிரம் பேர் நடப்பதைவிட, மிதிபடாத புல்லில் நூறு பேர் பரவி நடப்பது அதிகக் கேடு.

முன்னே சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். பாறை தேய்ந்து மண்ணாகும் வேகம் ஆயிரம் ஆண்டுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பத்து சென்டிமீட்டர் கனிம மண் உண்டாக ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் வேண்டும்; பிரேமதிலக தோண்டிய சதுப்பின் வயதுக்கு அது ஏறக்குறைய சமம். ஒரு பருவமழையில் பாதையோரம் அரித்துச் செல்லும் வாய்க்கால் அந்த ஆழத்தைச் சுலபமாகத் தோண்டிவிடுகிறது. அவ்வாறு அரிபட்ட மண்ணும் சரளையும் ஓடையில் சேர்ந்து, தெளிந்த நீருக்கு இதுவரை இல்லாத உளியைக் கொடுக்கின்றன. சிற்றிறால் வாழும் மணற்படுகையையும் மூடுகின்றன.

வாசலில் காவலர்கள் பிரயாணிகளின் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் உறைகளை அகற்றிவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். உப்புச் சுவைக்கும் உணவு மணத்துக்கும் மயங்கி மரைகள் அவற்றை விழுங்கிவிடும் என்பதே காரணம். பாதையைவிட்டு விலகி நடப்பதும் இங்கே தடை செய்யப்பட்டிருக்கிறது. பட்டிப்பொல வழியாகவோ ஒகிய வழியாகவோ மேலே ஏறி, காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்பவர்கள் முதலில் உலக முடிவுக்குச் செல்லட்டும்; மஞ்சு ஏறிய பிறகு காட்டுக்குள் மெதுவாக நடந்து அருவிக்கு இறங்கட்டும். தண்ணீர் புகாத, பிடிமானமுள்ள காலணி ஒன்றைப் போட்டுக்கொண்டு, சேறு கண்ட இடத்தில் ஓரத்துப் புல்லை நாடாமல் சேற்றின் நடுவிலேயே கால் வைத்துப் போக வேண்டும் என்று அவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்ளுகிறேன்.